பத்துக்கு இரண்டு போட்ட பதில்

தாள் கட்டிலிருந்து எடுத்து வரிசையாகத் திருத்திக்கொண்டே வந்த நான், ஒரு விடைத்தாளின் நடுப்பக்கத்தில் பேனாவை நிறுத்திவிட்டேன்.

பத்து மதிப்பெண் கேள்வி அது. 'அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான காரணங்களை விவரி.' அதற்குக் கீழே அந்தப் பிள்ளை பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. 'ஒரே காரணம்: அடிமை முறை.'

தொண்ணூறுகளில் ஒரு ஏப்ரல் மாதம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மாடியில் பிளஸ் டூ வரலாற்றுத் தாள் திருத்தும் முகாம். ஒரு வகுப்பறைக்கு ஏழு ஆசிரியர்கள். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் தாள் பறக்கிறது என்று ஒன்றாம் நம்பரில் வைத்திருந்தார்கள். வேர்வையில் ஊறிய விரல்களில் சிவப்பு மை ஒட்டி, மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போதும் போகவில்லை.

எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எதுவும் எங்களுக்குத் தெரியாது. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு நம்பர் போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். கையெழுத்தை மட்டும் பார்க்கலாம். இந்தக் கையெழுத்து முதல் வரியில் குண்டு குண்டாக ஆரம்பித்து, போகப்போக வேகமெடுத்து, கடைசியில் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியிருந்தது. பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது.

அஞ்சு காரணம்

திருத்துகிறவர்களுக்கு விடைக்குறிப்பு என்று ஒன்று அச்சடித்துத் தருவார்கள். அதில் இருப்பது இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை. இந்தக் கேள்விக்கு அதில் ஐந்து காரணங்கள் இருந்தன. மாநிலங்களின் உரிமை. சுங்கவரித் தகராறு. வடக்கே தொழில், தெற்கே விவசாயம் என்ற பொருளாதார வேறுபாடு. அடிமை முறை. ஜனாதிபதித் தேர்தல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். சுங்கவரிக்கும் இரண்டு, மனிதனை விலைக்கு விற்றதற்கும் இரண்டு.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அதே ஐந்து காரணங்களைப் பதினோரு வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, 'நம்பர் போட்டு எழுதுங்க, மார்க் தானா வரும்' என்று சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் தலையாட்டி எழுதிக்கொண்டன. ஒன்றுகூட எழுந்து நின்று, 'டீச்சர், என்ன உரிமைக்காக அந்த மாநிலங்கள் சண்டை போட்டன?' என்று கேட்டதில்லை. கேட்க இடமில்லாதபடி நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இந்தப் பிள்ளை கேட்டிருந்தது.

'மாநில உரிமை என்கிறார்கள். எந்த உரிமை? அடிமை வைத்துக்கொள்ளும் உரிமை' என்று ஆரம்பித்தது. 'சுங்கவரி என்கிறார்கள். பருத்தி விற்ற பணத்தில்தான் தெற்கே எல்லாமே நடந்தது. அந்தப் பருத்தியைப் பறித்தது யார்? விவசாயப் பொருளாதாரம் என்கிறார்கள். கூலி கொடுக்காமல் செய்வதற்குப் பொருளாதாரம் என்று பெயரா? தேர்தலில் புது ஜனாதிபதி ஜெயித்ததும் ஏன் பயந்தார்கள்? அடிமை முறை புது இடங்களுக்குப் பரவாது என்று அவர் சொன்னதால்.'

ஐந்து காரணங்களையும் அந்தப் பிள்ளை தொட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தோலை உரித்து, உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று காட்டியிருந்தது. அடுத்த பத்தி இன்னும் சூடு. 'ஓடிப்போன அடிமையை வட மாநிலத்தார் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் போடவைத்தது தெற்குதான். அப்போது வட மாநிலத்தின் உரிமை எங்கே போனது?'

அதற்கு அடுத்த வரி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நோட்ஸிலும் இல்லை. 'ஓடிப்போனவரைத் தேடி வருகிறவர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்' என்று எழுதியிருந்தது.

அந்த வரியை இரண்டாவது தடவை படித்தேன். இது படித்து எழுதியதில்லை, பார்த்து எழுதியது. நானும் பார்த்தவள் என்பதால் தெரிந்தது. ஓரத்தில் பத்து என்று போட்டு வட்டம் போட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பத்துக்குப் பத்து நான் யாருக்கும் போட்டதில்லை.

அம்மணி, கோவிச்சுக்காதீங்க

நாங்கள் சிவப்பு மையில் போடுவதை முதன்மைத் தேர்வாளர் பச்சை மையில் சரிபார்ப்பார். அவரை நாங்கள் சீஃப் என்போம். இந்தத் தொடரிலும் சீஃப் என்றே எழுதுகிறேன். மனிதர் காலமாகிவிட்டார், பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். பெருந்துறைப் பக்கம் பூமி, தோட்டம், இரண்டு கிணறு உள்ள குடும்பம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். டீ கொண்டுவருகிற பையனையே 'வாங்க கண்ணு' என்பவர்.

அவர் அந்தப் பத்தைப் பார்த்தார். பதிலைப் படித்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். பச்சைப் பேனாவால் பத்தை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டார். போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. குறிப்புல அஞ்சு காரணம் இருக்குதுங்க. புள்ள ஒண்ணுதான எழுதியிருக்குது?"

நான் எழுந்து போய் அவர் மேஜையருகே நின்றேன். ஐந்தையும் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறது, ஒரு தடவை முழுசாகப் படியுங்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் அவசரப்படுகிறேன் என்றார். வரலாறு என்பது பல காரணங்கள் கூடி நடப்பது, ஒன்றையே பிடித்துத் தொங்கக்கூடாது என்றார். ஏழு பேரில் ஐந்து பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தாளில் குனிந்துகொண்டார்கள்.

அந்தத் தென் மாநிலத்தார் பிரிந்து போனபோதே, அடிமை முறைக்காகத்தான் போகிறோம் என்று தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள் என்றேன். அவர்களே ஒத்துக்கொண்டதை நாம் எதற்கு மூடி மறைக்க வேண்டும் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

சீஃப் பேனாவை மூடி வைத்தார். மகளுக்குப் புத்தி சொல்கிற தொனியில் சொன்னார்.

"எல்லாரும் சவுக்கெடுத்து அடிச்சுட்டு இருந்தாங்கன்னு நெனைக்கறதே தப்புங்க அம்மணி. நல்லா வச்சிருந்தவங்களும் இருந்திருப்பாங்க. எங்க தோட்டத்துலயும் ஆளுங்க இருந்தாங்க. சொந்தப் புள்ளையாட்டம் வச்சிருந்தோம். உங்க ஊட்டுலயும் அப்படித்தான இருந்திருக்கும்?"

என் வீட்டை எதற்கு இழுத்தார் என்று எனக்குத் தெரியும். 'நீயும் நம்ம பக்கத்துப் பெண்தானே' என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அந்த அறையிலேயே எனக்குக் காது சூடாகிப்போனது. கோபம் அவர்மேல் பாதி, அவர் சொன்னது சரி என்பதன்மேல் பாதி.

எங்கள் வீட்டில் எப்படி இருந்தது

எங்களுக்குப் பல்லடத்துக்குத் தெற்கே தோட்டம். ரங்கன் என்று ஒருவர் எங்கள் பண்ணையத்தில் இருந்தார். பண்ணையத்தில் இருப்பது என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் கல்யாணத்துக்கு என் தாத்தாவிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அவரே எங்கள் தோட்டத்தில் இருந்தார். அவர் பெண்டாட்டி சாணி அள்ளினாள். மகள் மாரா எங்கள் ஆடு மேய்த்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது அவள் வேலியோரம் நின்று பார்ப்பாள்.

எங்கள் ஊர்ப் பேச்சு மரியாதையான பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். தொட்டதற்கெல்லாம் 'ங்க' போடுவோம். நாய்க்குட்டியைக்கூட 'வாங்க சாமி' என்று கொஞ்சுவோம். எட்டு வயதில் நான் ரங்கனை 'டேய் ரங்கா' என்று கூப்பிட்டேன். 'சொல்லுங்க சின்னம்மணி' என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவருக்கு அப்போது என் அப்பா வயது இருக்கும்.

ஒரு மாசி மாதம் ரங்கன் ஓடிப்போனார். பெண்டாட்டி பிள்ளையோடு விடியும் முன்பே கிளம்பிவிட்டார். மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் வேலை, வாராவாரம் கூலி, மச்சான் ஏற்பாடு செய்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. மாராவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாக யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

அப்பா கத்தவில்லை. என் அப்பா யார்மேலும் கைநீட்டியதில்லை என்பதில் எங்கள் வீட்டுக்கு இன்றும் பெருமை உண்டு. இரண்டு மூன்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். அது எழுதாத ஏற்பாடு. ஒரு தோட்டத்து ஆள் ஓடி வந்தால் இன்னொரு தோட்டத்துக்காரர் வேலை கொடுக்கக் கூடாது, சொல்லியனுப்ப வேண்டும். அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடக்கிற குடும்பங்கள்கூட இந்த விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில்தானே காரமடை, தேருக்கு எப்படியும் வருவான், குலசாமியை விடமாட்டான் என்று பதில் வந்தது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தேர் பார்க்கிறேன் என்று நான் அடம்பிடித்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

தேர்க்கூட்டம்

அந்தத் தேரை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கால்கள். அப்பா தோளில் தூக்கிக்கொண்ட பிறகுதான் தலைகள் தெரிந்தன. மஞ்சள் துணி, துளசி வாசம், வெயிலில் காய்ந்த மண்ணில் யாரோ தண்ணீர் தெளித்த ஈரம், சங்குச் சத்தம். வாழைப்பழம் மிதிபட்டு வழுக்கியது.

எதிர்ப்பக்கம் ஒரு பொரிகடை ஓரமாக மாரா நின்றுகொண்டிருந்தாள். தலையில் ரிப்பன் கட்டியிருந்தாள். சிவப்பு ரிப்பன், புதுசு. அவள் தலையில் நான் அதற்குமுன் ரிப்பன் பார்த்ததில்லை. பக்கத்தில் அவள் அம்மா நிற்க, ரங்கன் குனிந்து பொரி வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெரிந்த முகம் கிடைத்த சந்தோஷம். "அப்பா, அதோ ரங்கன்!" என்று கையை நீட்டினேன்.

கூட்டத்தில் அவரை வேறு யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள். அவர் சட்டை போட்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் அவர் சட்டை போட்டு அப்பா பார்த்ததில்லை. இதை நான் நாற்பது வயதுக்குமேல்தான் யோசித்துப் பார்த்தேன்.

அப்பா நிதானமாக அவர் பக்கத்தில் போனார். "ஏப்பா ரங்கா, சாமி கும்பிட்டாச்சா? நேரமாச்சு, போலாமா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தோட்டத்துக்காரர் ஒருவர், 'உங்க ஆளுங்களா, கூட்டிட்டுப் போங்க' என்று வழிவிட்டார். ரங்கன் பொரிப் பொட்டலத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

பஸ்ஸில் நானும் அப்பாவும் சீட்டில் உட்கார்ந்தோம். அவர்கள் மூன்று பேரும் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். சீட் காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அவருக்கு ஒரு புது வேட்டி எடுத்துக்கொடுத்தார். ஊரே அப்பாவின் பெருந்தன்மையைப் பேசியது. அடுத்த நாள் காலை மாரா ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள், ரிப்பன் இல்லாமல்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பழைய நினைவுகளை எழுதும்போது கொஞ்சம் இனிமையாக எழுதலாமே, தோட்டம், துரவு, அந்தக் கால மனிதர்களின் பெரிய மனசு என்று எழுதலாமே என்று கேட்டிருந்தார். பெரிய மனசுதான் ஐயா மேலே எழுதியிருப்பது. புது வேட்டி எடுத்துக்கொடுத்த மனசு.

முகாம் அதிகாரி

சீஃப் மேஜைக்கு வருகிறேன். 'உங்க ஊட்டுலயும் அப்படித்தான' என்று அவர் கேட்டதற்கு, 'ஆமாங்க, அப்படித்தான் இருந்துச்சு, அதனாலதான் சொல்றேன்' என்றேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முகாம் அதிகாரியிடம் போனேன். அவர் எங்கோ ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். எதிரே ஐம்பது கட்டு, போன் மணி, வராத ஆசிரியர்களின் பட்டியல். பதிலைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. குறிப்புப்படி போடுங்கள், குறிப்பில் ஆட்சேபம் இருந்தால் எழுதிக்கொடுங்கள், சென்னைக்கு அனுப்புகிறேன், அடுத்த வருஷம் பார்ப்பார்கள் என்றார்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அப்படியானால் தாள் வேறொரு ஆசிரியருக்குப் போகும், அவர் குறிப்புப்படி இரண்டு போடுவார், உங்கள்மேல் பள்ளிக்கு ஒரு கடிதம் போகும் என்றார். கடிதத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் அங்கே நின்றபடியே மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பதிலுக்குப் பத்து என்றால் பிள்ளை தாராளமாகப் பாஸ். இரண்டு என்றால் தேர்ச்சிக்குச் சரியாக இரண்டு மதிப்பெண் குறைகிறது.

அதுவரை நான் போட்டது நியாயச் சண்டை. அந்தக் கூட்டலுக்குப் பிறகு அது ஒரு பிள்ளையின் பாஸ், ஃபெயில்.

குழாயடியில் எஸ்தர்

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவக் கீழே போனேன். பின்னாலேயே எஸ்தர் டீச்சர் வந்தார். பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். நான்கு நாளாக என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அதிகம் பேசமாட்டார். டப்பாவில் கொண்டுவந்த சாதத்தில் பாதியை எனக்குக் கொடுப்பார்.

நான் பொரிந்து தள்ளினேன். விடமாட்டேன், சென்னை வரைக்கும் போவேன், பத்திரிகைக்கு எழுதுவேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"ஃபெயிலானா அந்தப் புள்ள அடுத்த வாரமே பனியன் கம்பெனிக்குப் போயிருமுங்க டீச்சர். நீங்க சென்னைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள தையக்காரங்களுக்குத் துணி மடிச்சுக் குடுத்துட்டு இருக்கும். நீங்க ஜெயிக்கணும்னு பாக்கறீங்க. அது பாஸாகணும்."

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு என்ன, குறிப்பைப் பார்த்து மார்க் போட்டுவிட்டுப் போகிறவர் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எஸ்தர் கோபப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி சொன்னார்.

"எங்கப்பா பண்ணையத்துல இருந்து ஓடி வந்தவருங்க. உங்க பல்லடத்துக்கு அக்கட்டதான். தேடிட்டு வந்தாங்க. மிஷன் பங்களாவுக்குப் பொறத்தால மூணு நாள் ஒளிஞ்சு கெடந்தாரு. பாத்தவங்க இருந்தாங்க. ஒருத்தரும் காட்டிக் குடுக்கல. அதனாலதான் நான் இந்தச் செவப்புப் பேனாவப் புடிச்சிருக்கறேன்."

ரங்கனைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. காட்டிக்கொடுத்த விரல் இதுதான் என்று நீட்டிக் காட்ட எனக்குத் தைரியமில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு இத்தனை வருஷப் பழக்கத்திலும் சொல்லவில்லை. இதைப் பத்திரிகையில் படித்துத்தான் எஸ்தர் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ளட்டும்.

மாரா கடைசிவரை கையெழுத்துப் போடத் தெரியாமல் இருந்தாள். எஸ்தர் வரலாறு எம்.ஏ. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்களா இல்லையா என்பதுதான். இதற்கும் ஐந்து காரணம் சொல்வார்கள். முன்னுக்கு வரும் ஆசை, குடும்பச் சூழ்நிலை, படிப்பில் நாட்டம் என்று நம்பர் போட்டு எழுதுவார்கள்.

போட்டு உட்ருங்க

மாடிக்குத் திரும்பியபோது சீஃப் எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் துளி கோபமில்லை. சாப்பிட்ட திருப்தியும் கருணையும்தான் இருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்திருந்தார்.

"ஏழைப் புள்ளையாட்டம் தெரியுதுங்க அம்மணி. நமக்கெதுக்குப் பாவம். மேப்புல ரெண்டு மார்க் போட்டு உட்ருங்க. நான் கண்டுக்கமாட்டேன்."

கடைசிப் பக்கத்தில் இந்திய வரைபடம் நூலில் கட்டியிருந்தது. போர்க்களங்களைக் குறிக்கச் சொன்ன கேள்வி. அந்தப் பிள்ளை பானிபட்டைக் கொண்டுபோய் நாக்பூர் பக்கத்தில் குறித்திருந்தது. நான் காலையிலேயே அதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஒரு குருடருக்குக்கூடத் தெரியும், அது பானிபட் இல்லை.

'இந்தப் பதிலுக்கு நாலு மார்க்காச்சும் போடுங்க, பாஸாயிடும், மேப்பைத் தொட வேண்டாம்' என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். நாலு போட்டால் அந்தப் பதில் சரி என்று ஆகிவிடும், மற்ற கட்டுகளிலும் கேள்வி வரும், அது முடியாது என்றார். மேப் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், கண் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது. அந்தப் பிள்ளை பாஸாவதில் இவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பதில் பாஸாகக் கூடாது, அவ்வளவுதான். அதற்குச் சேர வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, இரக்கப்பட்டுப் போடுவதாக இன்னொரு கையால் போடுவார். போட்டவர் நல்லவர் என்று பெயரும் வாங்கிக்கொள்வார்.

எஸ்தர் தலை நிமிரவில்லை. ஆனால் அவர் பேனா நின்றிருந்தது.

தாளைத் தூக்கி சீஃப் முகத்தில் எறிய வேண்டும் என்று இருந்தது. எறிந்திருந்தால் இன்றைக்கு இந்தத் தொடரில் ஒரு வீர அத்தியாயம் எழுதியிருப்பேன், வாசகர்களும் சபாஷ் போட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும். எட்டு வயதில் கையை நீட்டி ஒரு பிள்ளையை ஆட்டுப்பட்டிக்குத் திருப்பி அனுப்பியவள் நான். இன்னொரு தடவை என் கையால் அது நடக்கக் கூடாது.

உட்கார்ந்தேன். பெருக்கல் குறியின் மேலேயே அழுத்தி ஒரு சரி போட்டேன். இரண்டு மதிப்பெண் போட்டேன். மொத்தத்தை அடித்துத் திருத்தினேன். சீஃப் பச்சை மையில் சுழித்தார். "நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார். நான் அடுத்த தாளை எடுத்தேன். பேச வாய் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அந்தப் பிள்ளை பாஸாகிவிட்டது. யாரென்று எனக்குத் தெரியாது. அதற்கு என்னைத் தெரியாது. தான் எழுதிய பதிலுக்குப் பத்தும் கிடைத்துத்தான் பாஸானோம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தால் நல்லது.

பானிபட் நாக்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு என் கையெழுத்து இருக்கிறது. அந்தப் போருக்கு அடிமை முறைதான் காரணம் என்று நான் போட்ட பத்து, பச்சைக் கோட்டுக்கு அடியில் கிடக்கிறது.